பல் வலின்னு போன 8 பேர் உயிர் போச்சு. காரணம் ஒரு சலைன் பாட்டில்!



நம்ம காரைக்குடியில பல் கிளினிக் போறவங்க புலம்பலைக் கேட்டிருப்பீங்க. 6 மணிக்கு வரச்சொல்லி 8 மணிக்குக் கூப்பிடுறது, ரூட் கேனாலுக்கு எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே சொல்லாதது, பில் கேட்டா முறைக்கிறது. இதெல்லாம்கூட போகட்டும்.

வாணியம்பாடியில நடந்தது அப்படி விடக்கூடியதா?

2023-ல் அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று. 8 பேர் இறந்துவிட்டார்கள். வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆர், மாநிலப் பொது சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் சேர்ந்து தேடியபோது கிடைத்த காரணம் இதுதான்: கிருமிநீக்கம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, பஞ்சை வைத்து அடைத்து, அதையே அடுத்தடுத்த நோயாளிகளின் வாயில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு பாட்டில் சலைன் என்ன விலைன்னு பக்கத்து மெடிக்கல்ல கேட்டுப் பாருங்க, வயிறு எரியும்.

லான்செட் குழும இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது 2025-ல். அதுக்கப்புறம்தான் முழு விவரமும் வெளியே பேசப்பட்டது. 2023-லேயே ஊர் ஊரா எச்சரிச்சிருக்க வேணாமா?

தனியார் கிளினிக்குகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே போட்டாச்சு. விதிகள் வர 2018 ஆச்சு! சிவகங்கை மாவட்டத்தில் பதிவு செய்த பல் கிளினிக்குகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் கடைசியா ஆய்வு நடந்த தேதி என்ன? மாவட்ட நிர்வாகம் பட்டியலை வெளியிடணும்.

அதுவரை, நாற்காலியில உக்காந்ததும் "புது பாட்டில்தானே டாக்டர்?"னு கேளுங்க. ஒழுங்கா நடத்துறவங்க சிரிச்சுக்கிட்டே காட்டுவாங்க. கோவிச்சுக்கிட்டா எழுந்து வந்துடுங்க.

#பட்டியலை_வெளியிடு