ரிக்கார்டோவின் சூத்திரமும் புனே விவசாயியும்

சில எடுகோள்களில் தொடங்கித் தர்க்கத்தின் வழியே முடிவை எட்டுவது பகுத்தாய்வு முறை. பொருளியலில் அதன் சிகரம் 1817-இல் டேவிட் ரிக்கார்டோ வகுத்த வாரக் கோட்பாடு. நிலவுடைமையாளர், மூலதனமிட்டுக் குத்தகைக்கு எடுக்கும் பண்ணையாளர், கூலித் தொழிலாளி என்ற மூவரை அது முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. செலவும் சராசரி லாபமும் போக எஞ்சுவதே வாரம். அன்றைய இங்கிலாந்துக்கு இது பெருமளவு பொருந்தியது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் மில் இதை இந்திய நிலவரிக்கும் பொருத்தினார். அரசே நிலவுடைமையாளர் என்பதால், வாரத்தை அது எடுத்துக்கொண்டாலும் உற்பத்தி பாதிக்கப்படாது என்பது அவரது வாதம். 1820களின் இறுதியில் பிரிங்கிள் என்ற அதிகாரி புனே வட்டாரத்தில் நிலங்களை மதிப்பிட்டு, நிகர விளைச்சலில் 55 சதவீதத்தை வரியாக நிர்ணயித்தார். ஆனால் அங்கே முதலாளித்துவப் பண்ணையாளரும் இல்லை, சராசரி லாபமும் இல்லை. குடும்பத்தின் உழைப்பைக் கொண்டு வயிறு வளர்த்த ரயத்துகளே இருந்தனர். பலர் நிலத்தைத் தரிசாக விட்டு ஊரைவிட்டே வெளியேறினர். 1830களின் நடுவில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் ஆகியோரைக் கொண்டு கம்பெனி மறுமதிப்பீட்டைத் தொடங்க வேண்டியதாயிற்று.

ரிக்கார்டோ கூறும் வாரம் உலகின் சிறு பகுதிக்கே உரியது. ரயத்து வாரம் வேறு, அயர்லாந்துக் குடிசைவாசியின் வாரம் வேறு என்று 1831-இல் எழுதினார் ரிச்சர்ட் ஜோன்ஸ். கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் மால்தஸ் வகித்த பதவிக்குப் பின்னர் இவரே வந்தார் என்பது ஒரு வேடிக்கை. உற்பத்தி முறைகளின் வரலாற்று வேறுபாட்டை உணர்ந்தவர் என மார்க்ஸ் இவரை மதித்தார். 1892-இல் அதே புனேயில் ஆற்றிய உரையில் ரானடேயும் இந்தியப் பொருளியலுக்கு வரலாற்று முறையையே கோரினார். ஆயினும் அவர் கண்டது தேசத்தை, வர்க்கத்தையல்ல.

தரவுகளைக் குவிப்பதால் மட்டும் விளக்கம் கிடைத்துவிடாது. ஜெர்மன் வரலாற்றுப் பள்ளியின் பலவீனம் இதுவே. 1883-இல் கார்ல் மெங்கர் அதைத் தாக்கியபோது இக்குறையைச் சரியாகவே சுட்டினார்; ஆனால் அவர் முன்வைத்த மாற்று, வரலாறற்ற தனிமனிதன். ‘மூலதனம்’ முதல் தொகுதி சரக்கு என்ற நுண்பொருளில் தொடங்குகிறது. இறுதியில் இங்கிலாந்து உழவர்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட வரலாற்றுக்கு வருகிறது. ரிக்கார்டோ எடுகோளாகக் கொண்ட கூலித் தொழிலாளி எப்படி உருவாக்கப்பட்டான் என்பதை மார்க்ஸ் அங்கே காட்டினார்.

2020-இன் வேளாண் சட்டங்களும் எடுகோளில் பிறந்தவையே: விவசாயியும் பெருநிறுவனமும் சந்தையில் சமமாகப் பேரம் பேசுவர் என்பது அந்த எடுகோள். 2006-இல் மண்டிச் சட்டத்தை ரத்துசெய்த பீகாரின் அனுபவம் கண்முன் இருந்தும் ஆட்சியாளர் அதைப் பொருட்படுத்தவில்லை. டெல்லி எல்லையில் ஓராண்டு அமர்ந்த விவசாயிகளே அச்சட்டங்களைத் திரும்பப் பெறச் செய்தனர்.

நம் பக்கத்துக் குறை வேறு விதமானது. குத்தகை வீதங்களை ஊர் ஊராகத் திரட்டும் நமது அறிக்கைகள் பலவற்றில், அக்குத்தகை முதலாளித்துவ வாரமா, பழைய பண்ணையாதிக்கத்தின் வாரமா என்று ஜோன்ஸ் எழுப்பிய வகைக் கேள்விக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை.