கணக்குக்குச் சாட்சி கர்த்தரா, ரசீதா?

தோழர்களே! அனந்தபுரத்தில் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மோடு வாதாடினார். "ஆண்டவனுக்குப் பயந்தவன் கையில் கணக்கை ஒப்புவியுங்கள், ஒரு காசு குறையாது. எங்கள் ஜே.சி. குமரப்பாவைப் பாருங்கள்!" என்றார். சரி, பார்ப்போம்.

1892-இல் தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா கிறிஸ்தவர். ஏசுவைப் பற்றிப் புஸ்தகமே எழுதியவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். அவர் யோக்கியர் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. 1934-இல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியாரும் அவர் பரிவாரமும் அங்கு வந்தபோது, அவர்கள் செலவை அந்த நிதியில் எழுத முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இது பக்தியின் வேலையா? பக்தியானால், நாடே கும்பிட்ட மகாத்மாவுக்குக் கேட்டதைக் கொடு என்றல்லவா சொல்லும்? வீடிழந்தவனுக்கென்று ஊரார் கொடுத்த பணம் வேறெவருக்கும் போகக்கூடாது என்ற பொறுப்புணர்ச்சிதான் அப்படிச் சொல்ல வைத்தது.

"அந்த உணர்ச்சியைத் தந்ததே ஏசுநாதர்" என்று நண்பர் சொல்லக்கூடும். அப்படியானால் அமெரிக்காவைப் பார்க்கட்டும். வேர்ல்ட்காம் என்ற டெலிபோன் கம்பெனியை நடத்திய பெர்னார்ட் எபர்ஸும் கிறிஸ்தவர்தான். சர்ச்சில் ஞாயிறு வேதபாடம் நடத்தியவர். 2002-இல் அந்தக் கம்பெனியின் மோசடி வெளியாயிற்று. பிறர் கம்பிகளை உபயோகித்ததற்குக் கொடுத்த கட்டணத்தைச் செலவில் எழுதாமல் சொத்தில் எழுதியிருந்தார்கள். வண்டி வாடகை கொடுத்துவிட்டு வண்டியே வாங்கியதாக எழுதுவது போல! மொத்தப் பொய் சுமார் 1,100 கோடி டாலர். 2005-இல் எபர்ஸுக்கு 25 வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. இதைக் கண்டுபிடித்தது ஜெபமா? இல்லை. சிந்தியா கூப்பர் என்ற உள்தணிக்கை அதிகாரி, தம் ஆட்களுடன் இரவில் இரகசியமாகப் பேரேடுகளைப் புரட்டி, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டதுதான் கண்டுபிடித்தது.

ஒரே ஏசு, ஒரே பைபிள். ஒருவர் நிதியைக் காத்தார். மற்றொருவர் கம்பெனியில் கணக்கே பொய்யாயிற்று. ஆகவே மதம் யோக்கியதைக்கு ஜாமீன் ஆகாது.

இன்னொன்று. 1494-இல் வெனிஸ் நகரில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சிட்டு வெளியிட்ட லூக்கா பசியோலி ஒரு கிறிஸ்தவத் துறவி. கணக்கைக் கடவுள் பெயரால் தொடங்கச் சொன்னவர். ஆனால் அதோடு விட்டாரா? பற்றும் வரவும் சரியாக வரவேண்டும் என்றல்லவா கற்பித்தார்? கடவுள் பெயர் போதுமென்றால் இரண்டு பக்கம் எதற்கு? பிள்ளையார் சுழி போட்டு "லாபம்" என்று எழுதும் நம் செஞ்சிக் கடைக்காரருக்கும் இதே கேள்விதான்.

தோழர்களே! உங்கள் சங்கமோ, சீட்டோ, கோயிலோ, சர்ச்சோ, எதுவானாலும் பணம் வைத்திருப்பவரின் நெற்றியையும் கழுத்தையும் பார்க்காதீர்கள்; ரசீதைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. யோக்கியன் கேட்குமுன்பே நீட்டுவான். "என்னை நம்பவில்லையா?" என்று கோபிப்பவனிடம் இரண்டு தடவை கேளுங்கள்!