சிவப்புக் கம்பியா? சின்ன ரப்பரா?



இந்தத் தடவை நான் எழுதப்போவது கார் பத்தி. "உனக்கேதுடா கார்?"னு கடைசி பெஞ்சு சிரிக்கும், தெரியும். எங்க வீட்டில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டும்தான். ஆனால் என் பெரியப்பா மகன் அண்ணனிடம் ஒரு பழைய கார் உண்டு. அந்தக் காரால் என் தங்கச்சி ஆறு வாரம் கையில் மாவுக்கட்டோடு இருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஒரே ஆசை. வளைவில் கார் சாயக்கூடாது, ரேஸ் கார் மாதிரி ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகணும். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு சிவப்புக் கம்பி வரவழைத்தான். பானெட்டைத் திறந்தால் இடது வலது சஸ்பென்ஷன் மேல்முனைகளை இணைத்து அந்தக் கம்பி நிற்கும். ஸ்ட்ரட் பார் என்று பெயர். அதோடு விட்டானா? ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து நான்கு ஸ்பிரிங்கிலும் இரண்டு சுற்று வெட்டிவிட்டான். கார் தரையோடு தரையாக இறங்கி நின்றது. பார்க்க சூப்பர்! பொய் சொல்ல மாட்டேன், நானும்தான் கைதட்டினேன்.

பிறகு கீரனூர் பக்கம் ஒரு கல்யாணம். திரும்பும்போது மழைத்தூறல். வளைவில் ஒரு பள்ளம். சக்கரம் பள்ளத்தில் இறங்கி 'டங்'குனு ஒரு சத்தம், பின்பக்கம் தனியாகச் சுழன்றது, கார் வயல் ஓரத்தில் போய் நின்றது. தங்கச்சிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

காரைப் பட்டறை பாய் ஜாக்கி போட்டுத் தூக்கினார். நான் கூடவே நின்று பார்த்தேன். லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிவு. டயரில் நாலு எண் காட்டினார், 3215. அதாவது 2015ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர்! "தம்பி, காலு ரெண்டும் ஒடிஞ்சு கெடக்கு, ஒங்கண்ணன் தோளுக்குக் கம்பி மாட்டிருக்கான்" என்றார்.

பதினொன்றாம் வகுப்பு நண்பர்களே, இது நம்ம பிசிக்ஸ் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தால் அதன் விறைப்பு கூடும். எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் இல்லையென்றால் ஸ்பிரிங்கின் துள்ளலை யார் அடக்குவது? அழுந்துவதற்கு இடமும் குறைந்துபோகும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டே நழுவலாம். சக்கரம் ரோட்டைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

சரி, அப்போ சிவப்புக் கம்பி ஏமாற்று வேலையா? அப்படியும் சொல்ல மாட்டேன். செருப்பு வாங்கின அட்டைப் பெட்டியை மூடி இல்லாமல் முறுக்கிப் பாருங்கள், லேசாக வளையும். மூடி போட்டு ஒட்டிவிட்டு முறுக்குங்கள், வளையாது. கார் பாடியும் பெட்டிதான், இன்ஜின் இருக்கும் இடம் மூடியில்லாத மூலை. வேகமாகத் திருப்பும்போது அந்த இடம் துளி நெளியும், சக்கரத்தின் சாய்மானம் மாறும். கம்பி அதைத் தடுக்கிறது. ரேஸ் கார்களில் உள்ளே குழாய்க்கூண்டே வெல்டு செய்வார்கள். ஆனால் நம்ம ரோட்டில் ஐம்பதில் போகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது என்பது என் கருத்து. ஸ்டெபிலைசர் பார் என்கிற இன்னொரு கம்பி உண்டு, இடது வலது சக்கரங்களைச் சேர்த்துச் சாய்வைக் குறைக்கும். அதையும் பின்பக்கம் மட்டும் தடிமனாகப் போட்டால் ஈர ரோட்டில் வால் முதலில் வழுக்கும்.

உயரமும் எடையும் என்ன செய்யும் என்று நம்ம ஊருக்குச் சொல்லித்தர வேண்டாம். 2022 ஜூலை 31 அன்று ஆடிப்பூரத் தேர் சாய்ந்தது யாருக்கும் மறந்திருக்காது. ஏன் சாய்ந்தது என்று பேச நான் ஆள் இல்லை. புவியீர்ப்பு மையம் என்று போர்டில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும்.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1997இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகைக்காரர்கள், மான் குறுக்கே வந்தால் திருப்புவது போல மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரைத் திருப்பிப் பார்த்தார்கள். கவிழ்ந்துவிட்டது! விற்ற கார்களைத் திரும்ப அழைத்து சஸ்பென்ஷனைத் திருத்த வேண்டியதாயிற்று. அவ்வளவு இன்ஜினியர்களுக்கே அப்படி என்றால் வெல்டிங் பட்டறைக்கு?

"அப்போ யாரும் எதையும் முயற்சி பண்ணக்கூடாதா?" என்று அண்ணன் என்னிடம் சண்டைக்கு வந்தான். பண்ணலாம், அதற்கு இடம் இருக்கு. முதலில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது, 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தார். அந்த வகைக் காரில் ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். அங்கே ஹெல்மெட் உண்டு, கூண்டு உண்டு, எதிரே டவுன் பஸ் வராது. பின் சீட்டில் தங்கச்சியும் இல்லை.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. தேய்ந்த பாகத்துக்கு அதே மாதிரி புதுப்பாகம் போடுவதை யாரும் தடுக்கவில்லை.

ஆகவே, கார் வைத்திருக்கும் அண்ணன்மாரே, மாமாமாரே, ஆசிரியர்களே! காசு செலவழிக்க ஆசையிருந்தால் முதலில் டயர். காற்று அளவு கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும், அது அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் புஷ், ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட். இவ்வளவும் சரியான பிறகும் கார் ஆடுகிறது என்றால் கம்பியைப் பற்றிப் பேசலாம்.

அண்ணன் காரில் இப்போது கம்பெனி ஸ்பிரிங் நான்கும் புதுசு. ரப்பர் புஷ் எல்லாம் மாற்றியதற்கு அந்தச் சிவப்புக் கம்பியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. போன வாரம் அதே வளைவில் போனோம், சாயாமல் அழகாகத் திரும்பியது. கம்பி இன்னும் பானெட்டுக்குள் இருக்கிறது, கழற்ற அண்ணனுக்கு மனசு வரவில்லை. தங்கச்சி மட்டும் அந்த வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

– பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்