யாரைக் கேட்பது?

கிள்ளிப்பாலம் – அட்டக்குளங்கரைச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த மாதங்களில், திருவனந்தபுரத்து வலியசாலையில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நின்றது. சாலை நன்றாக வரவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நகரின் பல சாலைகளை ஒரே நேரத்தில் கிளறினால் ஆம்புலன்ஸ் எப்படி வரும், கடைக்காரர் பிழைப்பு என்னாகும் என்று தொடங்கும் முன் யாரையாவது உட்கார வைத்துப் பேசினார்களா என்பதே ஆதங்கம். திருவனந்தபுரம் 2017-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றது. தோண்டியது அந்தத் திட்டத்துக்காகத்தான். அதை நடத்த ஒரு தனி நிறுவனம், சாலை வேலைகளுக்குக் கேரள சாலை நிதி வாரியம். கவுன்சிலரிடம் போய் நின்றால், விஷயம் அவர் கையிலேயே இல்லை.

எந்த முடிவுக்கு மக்களைக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமலே செய்யலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நாம் போதுமான அளவு கேட்டதில்லை.

சட்டம் சில இடங்களில் தெளிவாகவே இருக்கிறது. நகரத்தின் மாஸ்டர் பிளான் என்றால் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். 2031-ஐ இலக்காக வைத்த வரைவு 2013-இல் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியதும், அரசு அதை நிறுத்தி வைக்க நேர்ந்ததும் இந்த ஊருக்கு நினைவிருக்கும். நிலம் கையகப்படுத்த வேண்டுமானால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகத் தாக்க ஆய்வும் பொது விசாரணையும் உண்டு. மற்ற பலவற்றுக்கு வார்டு அளவிலான கூட்டம்தான். அங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம், ஒரு லட்சம் மக்களுக்கு மேற்படாத ஊர்களில் வார்டு சபை அமைக்கச் சொல்கிறது. வாக்காளர் எவரும் போய் உட்காரலாம். லட்சத்தைத் தாண்டிய நகரங்களில் வார்டு கமிட்டி. அதில் கவுன்சிலர் தலைவர். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்கள், அயல்கூட்டங்கள் (அண்டைவீட்டுக் குழுக்கள்), கட்சிகள், கல்வி நிலையங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். பேச்சு வழக்கில் இதையும் வார்டு சபை என்றே சொல்லிக்கொள்கிறோம். நெய்யாற்றின்கரைக்காரர் நேராகப் போய்ப் பேசலாம். வலியசாலைக்காரர் ஏதாவது ஒரு சங்கத்தின் வழியாகத்தான் பேச முடியும். வாடகை வீட்டில் இருப்பவர், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிவிட்டு இரவில் இங்கே தங்குபவர், எந்த அசோசியேஷனிலும் சேராத முதியவர் இவர்களுக்கெல்லாம் அந்த வழி குறுகலானது. நகரம் பெரிதாகும்போது முடிவுகளின் சுமையும் பெரிதாகிறது. அப்போதுதான் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

கூட்டம் நடந்தாலும் பெரும்பாலான நேரம் பயனாளிப் பட்டியலுக்கே போய்விடுகிறது. யாருக்கு வீடு பழுதுபார்க்கப் பணம், யாருக்குக் கோழிக்குஞ்சு என்பது ஏழைக் குடும்பத்துக்கு முக்கியமானதே. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு தலைமுறையின் வாழ்க்கையை மாற்றும் முடிவுகள் அந்த மேசைக்கு வருவதே அரிது.

கேட்டுச் செய்வது புதிதல்ல. எங்கள் வலியசாலை மகாதேவர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடத்தின் புகழுக்குச் சான்றாக ஒரு செப்பேடு உண்டு. அதன்படி ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ஐ ஒட்டி, இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர் நெறியைப் பின்பற்றி 95 சட்டர் என்னும் மாணவர் பயிலும் சாலை ஒன்றை ஏற்படுத்தினான். சாலையோடு சேர்ந்த கோயிலை எழுப்பத் தேவைப்பட்ட நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. மன்னன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான். இதைச் சொல்லிப் பெருமைப்படும் நம்மவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அந்தச் சபையார் நிலவுடைமையாளர்கள். அதே மண்ணை உழுதவனிடம் யார் பேசினார்கள்? கேட்பது பழைய வழக்கம்தான். யாரைக் கேட்பது என்பதில்தான் அன்றும் அநீதி, இன்றும் அநீதி.

இதற்கு நம் காலத்துச் சாட்சி விளப்பில்சாலை. திருவனந்தபுரம் மாநகராட்சி 2000-இல் நகரக் குப்பைக்கான ஆலையைத் தன் எல்லைக்கு வெளியே, விளப்பில் கிராமப் பஞ்சாயத்தில் தொடங்கியது. நாம் வாசலில் வைத்த வாளி அந்த ஊர்க்காரர்களின் ஓடையிலும் மூச்சிலும் போய்ச் சேர்ந்தது. மாநகராட்சித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் எந்தக் கவுன்சிலருக்கும் அவர்களிடம் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. நம் வார்டுகளில் எத்தனை முறை கூடிப் பேசியிருந்தாலும், பாதிக்கப்படுகிறவர் ஒருவர்கூட அந்த அறையில் இருந்திருக்க மாட்டார். பத்தாண்டுக்கு மேல் பொறுத்த பஞ்சாயத்து, 2011 டிசம்பர் 21 அன்று ஆலையைப் பூட்டியது. உயர் நீதிமன்றம் திறக்கச் சொன்னது. 2012 பிப்ரவரியில் போலீஸ் காவலோடு போன லாரிகளை ஊரே திரண்டு மறித்தது, முன்வரிசையில் பெண்கள். ஆலை அதன் பிறகு இயங்கவே இல்லை.

நகரம் நாறியது. தெருமுனையில் குப்பை எரிந்தது. ஓடைகளில் பிளாஸ்டிக் அடைத்தது. வீட்டுக்கு வீடு பைப் கம்போஸ்ட் வைக்கச் சொன்னார்கள். சுவரோடு சுவர் ஒட்டி நீளும் அக்கிரகார வீட்டில் அதை எங்கே நடுவது என்று கேட்கக்கூட ஆளில்லை. ஏரோபிக் உரத் தொட்டியும், வீடு வீடாக வந்து குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையும் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. 1999-இல் விளப்பிலில் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் ஆலையே வந்திருக்காது என்று சிலர் சொல்லலாம். வராமல் போயிருந்தால், குப்பையை அதன் ஊற்றிலேயே கையாளும் முறைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே வந்திருப்போம். 2022-இல் கோழிக்கோட்டில் ஆவிக்கல் தோட்டுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்தபோதும் பழைய குறையே கேட்டது: எங்களிடம் சொல்லவில்லை.

வேறு நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் 2002-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஒவ்வொரு கவுன்சிலையும், எந்த முடிவு எவ்வளவு முக்கியமானது என்று தீர்மானிக்கும் அளவுகோலை எழுதி வைக்கச் சொல்கிறது. 2014-இல் அதோடு, மக்களை எப்போது, எப்படிக் கலந்துகொள்வோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஆக்கினார்கள். எந்தச் சொத்துகளை ஊரின் ஆதாரமாகக் கருதுகிறோம் என்ற பட்டியலும் அதில் இருக்க வேண்டும். பிரச்சினை வெடித்த பிறகு வசதிப்படி முடிவு செய்யாமல், முன்கூட்டியே எழுதி வைப்பதில்தான் அதன் பலம். லண்டன் பிரென்ட் பகுதிப் பள்ளிகளை மூடுவது தொடர்பான 1985 வழக்கிலிருந்து பிரிட்டன் நீதிமன்றங்கள் நான்கு நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கின்றன. முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். போதிய விவரம் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதிலை மனம் திறந்து பரிசீலிக்க வேண்டும். டெண்டர் முடிந்த பின் நடக்கும் "மக்கள் கருத்துக் கேட்பு" முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் கூட்டம் போடு என்று நான் கேட்கவில்லை. தெருவிளக்கு மாற்றவும், ஓடை தூர்வாரவும், கொசு மருந்து அடிக்கவும் யாரையும் கேட்க வேண்டாம், செய்தால் போதும். மழைக்கு முன் செய்ய வேண்டியதை ஆலோசனை என்ற பெயரில் தள்ளிப்போடுவதும் குற்றம். இன்னொன்று: வீடற்றவர்களுக்கு ஒரு தங்குமிடம் வரும்போது அக்கம்பக்கத்துக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. எங்கே, எப்படி என்பதில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம். ஏழைக்கு இடம் உண்டா என்பது அவரிடம் கேட்கும் கேள்வி அல்ல.

என் அளவுகோல் மூன்று கேள்விகள். செய்த பின் திருப்பி எடுக்க முடியுமா? சுமை ஒரு சிலர் தலையில் மட்டும் விழுகிறதா? அந்தச் சிலருக்கு நம் தேர்தலில் ஓட்டு உண்டா? மூன்றில் ஒன்று இடறினாலும் விரிவாகக் கேட்டே ஆக வேண்டும். மூன்றாவது இடறினால், கேட்கப் போகிறவர்கள் அந்த ஊருக்குப் போய்க் கேட்க வேண்டும். செலவு எத்தனை கோடி என்பது இவற்றுக்குப் பிறகு வரும். மலிவான ஆலை ஒன்று ஒரு கிராமத்தின் தண்ணீரைக் கெடுக்கலாம்; கோடிக்கணக்கில் செலவாகும் குழாய் மாற்றம் யாருக்கும் தீங்கு செய்யாமல் முடியலாம்.

இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை மாநகராட்சி காத்திருக்க வேண்டியதில்லை. கவுன்சில் ஒரு தீர்மானத்தால் தன் அளவுகோலை எழுதி வெளியிடலாம். சாலை நிதி வாரியமும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் நகர எல்லைக்குள் மண்வெட்டி வைக்கும் முன் அந்த வார்டுக்கு வந்து விளக்க வேண்டும் என்று மாநில அரசிடம் கேட்டு வாங்கலாம். வலியசாலையின் வார்டு கமிட்டி அடுத்த முறை கூடும்போது, பயனாளிப் பட்டியலை எடுக்கும் முன் இதை முதல் பொருளாக வைக்கும்படி எங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்கப் போகிறேன். கூடவே ஒரு விண்ணப்பம்: எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்களும் அன்று வந்து பேசட்டும்.