எனக்கு எவ்வளவு ஆடத் தெரியும்?

நம் சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழா விண்ணப்பத்தில் இம்முறை ஒரு புதுக் கேள்வி சேர்த்திருக்கிறார்கள். இறகுப்பந்து ஆட விரும்புவோர் தம்மைத் தொடக்க நிலை, நடுநிலை, உயர்நிலை ஆகிய மூன்றில் எதில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று குறிப்பிட வேண்டுமாம். பேனாவும் கையுமாகக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாண்டுகளுக்கு முன் மைசூரில் ஓர் ஆடுகளத்தில் இதே கேள்விக்கு 'உயர்நிலை' என்று பதில் எழுதி, முதல் வாரத்திலேயே குதிகால் தசைநார் அறுந்து, மாதக்கணக்கில் கட்டோடு கிடந்தவன் நான்.

எனக்குச் சொந்த ஊர் மார்டள்ளி. அந்தப் பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மாவட்டம்தான் மாறியதே தவிர, ஊரில் தமிழ் மாறவில்லை. இளவயதில் அங்கே மண் தரையில் மஞ்சள் கம்பளிப் பந்து வைத்துப் பூப்பந்து ஆடினோம். பக்கத்துக்கு ஐந்து பேர். நான் நன்றாகவே ஆடுவேன். அந்த நினைப்புதான் மைசூரில் என்னை அப்படி எழுத வைத்தது.

ஆனால் பூப்பந்தில் எனக்கு எட்டாத பந்தை இன்னொருவர் எடுத்துவிடுவார். ஒற்றையர் இறகுப்பந்தில் நான்கு மூலையும் என் பொறுப்பு. நான் கற்றபோது சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. 15 வரை ஆட்டம். 2006 முதல் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 21 வரை. பழைய முறையில் மறைந்துகிடந்த என் தவறுகளெல்லாம் இப்போது உடனுக்குடன் எதிராளியின் கணக்கில் ஏறுகின்றன!

ஆகவே என் கருத்து இது: நாம் அடித்த மிக நல்ல அடியை வைத்து நம்மை அளந்துகொள்ளக் கூடாது. மூச்சு வாங்கும்போது அடிக்கும் அடிதான் நம் தரம். கூட ஆடியவரைக் கேட்டால் அவர் முகதாட்சண்யம் பார்ப்பார். எதிரே ஆடியவரைக் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மவர்களிடம் உண்டு. கல்லூரி அணியில் ஆடியவர், "சும்மா பொழுதுபோக்குக்குத்தாங்க" என்று அடக்கமாகத் தொடக்க நிலையில் பெயர் கொடுப்பார். நாற்பது வயதுக்குமேல் மட்டையைத் தொட்ட ஒரு சகோதரியை 21-2 என்று தோற்கடித்துவிட்டுக் கோப்பையோடு போவார். அடுத்த ஆண்டு அந்தச் சகோதரி வருவதில்லை. இதை அடக்கம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்க டென்னிஸ் சங்கப் போட்டிகளில் படிகள் வகுத்து, ஒவ்வொரு படிக்கும் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் தம் படியைத் தாமே சொல்லலாம். சொன்னதைவிட மிகவும் மேலாக ஆடினால் தகுதி நீக்கம்.

டொராண்டோவிலுள்ள என் தங்கை மகன் முப்பது வயதுக்குப் பிறகு சறுக்கக் கற்று ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். "எத்தனை கோல் போட்டேன்னு யாரும் கேக்கலை மாமா. பின்பக்கமாச் சறுக்கத் தெரியுமா, ரெண்டு பக்கமும் திரும்பிச் சட்டுனு நிக்கத் தெரியுமான்னுதான் கேட்டாங்க" என்றான். ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். நிற்கத் தெரியாதவர் வேகமான ஆட்டத்தில் நுழைந்தால் தாமும் விழுவார், பிறரையும் வீழ்த்துவார். நமது படிவத்திலும் இப்படி இரண்டு கேள்விகள் இருந்தால் போதும். பின்கையால் அடித்த பந்து எதிர்ப்பக்கக் கடைசிக் கோடு வரை போகுமா? ஒவ்வோர் அடிக்குப் பிறகும் களத்தின் நடுவுக்குத் திரும்பிவிடுவீர்களா? வயதை வைத்துப் பிரிப்பதைவிட இது நியாயமானது. அறுபது வயதில் என்னை ஓட ஓட விரட்டுபவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

நான் அந்த மூன்று சொற்களையும் அடித்துவிட்டு, "பின்கையில் அடித்தால் பந்து பாதிக் களம்தான் போகும், பதினைந்து புள்ளிக்கு மேல் கால் நகராது" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். செயலாளர் எந்தப் பிரிவில் சேர்த்தாலும் சம்மதமே.