யந்திர விசாரம்: முரண்டு பிடிக்கும் துப்பாக்கி

பொத்தேரிவாசிகளுக்கு 'சைலன்ஸர்' என்றால் மோட்டார் சைக்கிளின் புகைக்குழல்தான். ஜி.எஸ்.டி. சாலையில் அதைக் கழற்றிவிட்டுப் பறக்கும் வாலிபர்களின் உபயத்தால் அதன் அருமையையும் அவர்கள் அறிவார்கள். துப்பாக்கிக்கும் ஒரு சைலன்ஸர் உண்டு. யந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து, அதன் ஓசையாலேயே செவி மந்தமான ஹைரம் மாக்ஸிமின் புதல்வர் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம், 1909-ல் அதற்குப் பேடண்ட் பெற்றார். மோட்டார் புகைக்கும் அதே தத்துவத்தைப் பிரயோகித்தார். தகப்பனாருக்காக மகன் செய்த பிராயச்சித்தம் போலும்!

செங்கல்பட்டு மாவட்டம் ஒத்திவாக்கத்தில் போலீஸ் கமாண்டோக்களின் சுடுதளம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் போலீஸிலும் ராணுவத்திலும் சேரும் காலமாதலால், இவ்விஷயம் நமக்கு அந்நியமானதன்று. சைலன்ஸர் மாட்டியதும் நல்ல துப்பாக்கி ஏன் தகராறு செய்கிறது?

மருந்து எரிந்து உண்டாகும் வாயுவை சைலன்ஸர் சற்று நேரம் சிறைப்படுத்தி, மெதுவாக வெளியே விடுகிறது. சப்தம் தணிவது அதனால்தான். ஆனால் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அந்த வாயுவின் வேகத்தால் இயங்குவது. வாயு பின்னுக்குத் தள்ளும்போது, போல்ட் உரிய நேரத்துக்கு முன்பே, உரிய வேகத்துக்கு மேல் பாய்கிறது. காலி உறையின் விளிம்பு கிழிகிறது. உறை வழக்கமான இடத்தில் விழாமல் வேறு பக்கம் தெறிக்கிறது. மாகஸீனிலிருந்து அடுத்த தோட்டா மேலே வருவதற்குள் போல்ட் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கரி மண்டுகிறது, சுடுபவர் முகத்தில் புகை அடிக்கிறது.

இவற்றைக் கண்டதும் துப்பாக்கியைத் திட்டுவதும், ஸ்பிரிங்கை மாற்றுவதும், துவாரத்தை அராவுவதும் அவசரக்காரர் வேலை. சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, அதே தோட்டா, அதே மாகஸீனுடன் சுட்டுப் பார்க்க வேண்டும். தொல்லை தீர்ந்தால் காரணம் தெரிந்துவிட்டது. தீராவிட்டால் மாகஸீன், எண்ணெய், தோட்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது. இன்சாஸ் போன்ற துப்பாக்கிகளில் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பே இருக்கிறது. அது இல்லாதவற்றை ஆர்மரரிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

குறி தவறுவது வேறு கதை. குழலின் நுனியில் பாரம் ஏறினால் அதன் அதிர்வு மாறும். குண்டு விழும் இடமும் மாறும். மரையை இறுக்கி, குறியைப் புதிதாகச் சரிசெய்தால் போதும். ஆனால் குறி திடீரென்று சிதறினாலோ, சைலன்ஸரின் வாயில் புதிய கீறல் தென்பட்டாலோ உடனே சுடுவதை நிறுத்த வேண்டும். குண்டு உள்ளே தகட்டில் உரசியிருக்கலாம். அடுத்த குண்டு அதைப் பிளந்துவிடக்கூடும்.

பூரண மௌனத்தை எதிர்பார்ப்பதும் வீண். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். ரைபிள் குண்டோ 700 முதல் 900 மீட்டர் வரை பாய்கிறது. காற்றைக் கிழிக்கும் அந்த 'படீர்' ஓசையை எந்தக் குழலும் அடக்காது. சினிமாவில் கேட்கும் 'புஸ்' சப்தம் டைரக்டரின் கற்பனை.

1878-ல் வெள்ளையர் போட்ட ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் விதித்து, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. 1966-ல் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. ஆயினும் சுதந்திர பாரதத்தின் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள், சப்தம் தணிக்கும் கருவியைத் தடை செய்யப்பட்ட ரகத்திலேயே வைத்திருக்கின்றன. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் மிராசுதார்கள் இதைக் கவனிக்கவும்.