அரிசி வேண்டாம், அறிவு போதும்!



தண்ணீரில் விழுந்த செல்போனுக்கு நம் மாவட்டத்தில் இன்று ஒரே வைத்தியம்தான். "அரிசியில போடு, சரியாயிடும்!" பாலக்கோடு ஆனாலும் பென்னாகரம் ஆனாலும் இதே பேச்சு. டிப்ளமோ படிக்கிற நாமும் அதையேதான் சொல்கிறோம். அப்படியென்றால் மூன்று வருடம் நாம் படிப்பது எதற்கு?

"ஒரு போனுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். நம்மில் பல பேர் வீட்டில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் ஏறினால் மெசேஜ் வருவது அதில்தான். ஓ.டி.பி. வருவதும் அதில்தான். அப்பாவை மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவதும் அதில்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். பாடம் பார்ப்பதும் அதே போனில்தான். அது செத்தால் வீடே முடங்கிவிடும்.

வறண்ட மாவட்டம் என்று நாம் அலட்சியமாகவும் இருக்க முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒகேனக்கல் பரிசலில் செல்ஃபி எடுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

போனைக் கொல்வது தண்ணீர் மட்டும் அல்ல. தண்ணீரோடு சேரும் மின்சாரம். சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. நம் போர்வெல் தண்ணீரோ உப்புத் தண்ணீர். அதில் மின்சாரம் பாய்ந்தால் போர்டில் மின்னாற்பகுப்பு நடந்து செம்புத் தடங்கள் அரித்துப்போகும். முதலாமாண்டு வேதியியலில் படித்தோமே, அதேதான்!

ஆகவே, எடுத்தவுடன் ஆஃப் செய்யுங்கள். "ஆன் ஆகுதா பாரு" என்று அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். சார்ஜ் போடவே போடாதீர்கள். கவரைக் கழற்றி, சிம்மை எடுத்து, துணியால் துடையுங்கள். அந்த சிம்மைத் துடைத்து வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. தப்பிக்கும். சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. சூடு பேட்டரிக்கு ஆபத்து. பேட்டரி உப்பினால் கிட்டேயே போகாதீர்கள்.

அரிசி என்ன செய்யும்? போர்டுக்கு அடியில் நிற்கிற ஈரத்தை வெளியிலிருந்து இழுக்கிற சக்தி அதற்கு இல்லை. அதன் தூள் துளையை அடைக்கும். அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் சொல்லிவிட்டது. அரிசிக்குப் பதில் நம்ம ஊர் கேழ்வரகு மூட்டையில் போட்டாலும் இதே கதைதான். ஈரம் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவித்தான் எடுக்க வேண்டும். அதனால், அரிசியில் மூன்று நாள் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடாமல், முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது. எல்லா போனும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. பிழைக்க வேண்டியதை நாமே கொல்ல வேண்டாம் என்கிறேன்.

பதற்றம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 மே மாதம் சத்தீஸ்கர் மாநிலம் காங்கேர் மாவட்டத்தில் ஓர் உணவு ஆய்வாளரின் போன் நீர்த்தேக்கத்தில் விழுந்தது. டீசல் பம்ப் வைத்து லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். போன் கிடைத்தது, ஆனால் வேலை செய்யவில்லை. அவர் சஸ்பெண்ட் ஆனதுதான் மிச்சம்! குடிநீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊர்க்காரர்களுக்கு இது வெறும் சிரிப்புச் செய்தியா?

என் யோசனை இதுதான். நம் பேரவை மாதம் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்களின் துணையோடு, எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு பழுது பார்க்கும் மேஜை போடட்டும். போனைத் திறப்பதையும் கழுவுவதையும் நாம் கற்போம். சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் போனைக் கொண்டுவரட்டும். "பொண்ணு என்னதான் படிக்குது?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு மார்க் ஷீட் புரியாது, பேசாமல் கிடந்த போன் மறுபடி பேசினால் புரியும்.

படித்தது பேப்பரோடு நிற்கக் கூடாது நண்பர்களே. சிந்திப்போம், செயல்படுவோம்!

– மூன்றாமாண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை